கர்ப்பப்பையை எடுப்பது பற்றி, சிங்கப்பூரிலிருந்து அபுதாபியில் இருக்கும் மகனுக்கு

இர்ஃபான், ஸலாம். நேற்று ஃபோனில் நீ அவசரத்தில் இருந்தாய். பின்னாலிருந்து யாரோ உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். "அம்மா, நாங்க டிசைட் பண்ணிட்டோம். ஷமீமாவுக்கு பிரைவேட்லயே பண்ணிடலாம். நல்ல டாக்டர், இன்ஷூரன்ஸ் அப்ரூவலும் வந்துடுச்சு. நான் ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் வந்துடுவேன். அதுக்கப்புறம் என்னென்ன பாத்துக்கணும்னு வாட்ஸ்அப்ல நாலு வரி அனுப்பிடுங்க" என்றாய். சரி என்று வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தபோது அது நாலு வரியில் நிற்கவில்லை. கனமான எதையும் தூக்க விடாதே, மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள், காய்ச்சல் அடித்தாலோ ரத்தம் அதிகமாகப் போனாலோ உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போ. இவ்வளவையும் அவர்களே ஒரு தாளில் அச்சடித்துக் கொடுப்பார்கள். அதில் இல்லாததைத்தான் நான் எழுதவேண்டும். நீளமாக இருக்கும். விமானத்தில் படித்துக்கொள்.

நீ பாலிடெக்னிக் முதல் வருஷம் படித்தபோது நான் கொஞ்ச நாள் மருத்துவமனையில் இருந்தது உனக்கு நினைவிருக்கலாம். "அம்மாவுக்கு வயித்துல சின்னக் கட்டி" என்று அத்தா உன்னிடம் சொன்னார். அது பொய் இல்லை, முழுசும் இல்லை. எனக்கு அப்போது கர்ப்பப்பையை எடுத்தார்கள். காதில் இயர்ஃபோனோடு திரிந்த பையனிடம் அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. இன்று உன் மனைவிக்கு அதே அறுவை சிகிச்சை நடக்கப்போகிறது. அதனால் என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் டோபி காட் ரயில் ஸ்டேஷனில் பயணிகளுக்கு உதவும் வேலையில் இருந்தேன். முதல் ஒரு வருஷம் மாதவிடாய் தள்ளித் தள்ளி வந்தது. பிறகு வந்தால் நிற்காமல் போனது. ஒரு வாரம் என்பது இரண்டு வாரமாகி, நடுவில் சில நாள் விட்டு மறுபடி தொடங்கும். கைப்பையில் எப்போதும் மாற்றுத் துணி. கறுப்புச் சீருடைப் பேண்ட்தான் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ரமலானில் இன்னும் சிக்கல். எது மாதவிடாய், எது வெறும் உதிரப்போக்கு என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. எந்த நாளில் தொழலாம், எந்த நாளில் நோன்பு வைக்கலாம் என்று, மார்க்கம் சொல்லித்தரும் உஸ்தாதாவிடம் போய்ப் போய்க் கேட்டேன். ஒரு நாள் அவரே, "சிஸ்டர், நீங்க முதல்ல டாக்டர பாருங்க" என்றார். நான் பார்க்கவில்லை. நாற்பது தாண்டினால் எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தைப்பூசத்தன்று அந்த ஸ்டேஷனில் கூட்டம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். தேங்க் ரோடு கோயிலில் நேர்த்திக்கடனை முடித்தவர்கள் குடும்பம் குடும்பமாக இறங்கி வருவார்கள். என்னோடு வேலை பார்த்த சரோஜா அன்று பால்குடம் எடுத்தாள். அவளுடைய ஷிஃப்டை நான் செய்வேன், பெருநாளன்று என்னுடையதை அவள் செய்வாள், அதுதான் எங்களுக்குள் வழக்கம். மத்தியானம் குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்த ஒருவருக்கு அகலமான கேட்டைத் திறந்துவிட்டேன். அதற்குப் பிறகு தரை என் முகத்துக்குப் பக்கத்தில் வந்ததுதான் நினைவு. கண் விழித்தபோது கண்ட்ரோல் ரூம் நாற்காலியில் இருந்தேன். எதிரே மஞ்சள் சேலையும் நெற்றி நிறையத் திருநீறுமாக சரோஜா. பால்குடம் முடித்து, வீட்டுக்கு ரயில் பிடிக்க வந்தவள்.

"ஏய், ஒன் மூஞ்சில ரத்தமே இல்ல லா. என்ன ஆச்சு?"

"பீரியட்ஸ்தான். கொஞ்சம் ஜாஸ்தி."

"எத்தன நாளா போகுது?"

சொன்னேன். அவள் தன் வீட்டு ஆட்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துத் தூக்கினாள். "இது பீரியட்ஸ் இல்லடி, இது வேற. எந்திரி, டாக்ஸி புடிக்கிறேன்."

"நீ செருப்புகூட இல்லாம இருக்க."

"அத நான் பாத்துக்கிறேன் லா. நீ வா."

வெறுங்காலோடுதான் அவசரப் பிரிவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், அத்தா வந்து சேரும்வரை. எனக்கு ரத்தம் ஏற்றினார்கள். ஸ்கேனில் கர்ப்பப்பை முழுக்க ஃபைப்ராய்டு, அதாவது நார்க்கட்டிகள். புற்றுநோய் இல்லை. ஆனால் சில பெண்களுக்கு அவை ரத்தத்தை வடித்துக்கொண்டே இருக்கும். நான் அப்படி ஒருத்தி.

ஃபேரர் பார்க்கில் அத்தாவின் பயணப்பெட்டிக் கடைக்கு வரும் ஒருவர் ஒரு தனியார் டாக்டரைச் சொன்னார். நல்ல பெயர் உள்ளவர். சீக்கிரமே நேரம் கிடைத்தது. டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார், பிறகு அத்தாவைப் பார்த்தார். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். "ஒண்ணு டாக்டர், பையன்." இன்னும் வேண்டுமா என்று கேட்டார். "இனிமே எதுக்கு டாக்டர், எடுத்துடுங்க." அப்படியானால் சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிடலாம், பின்னால் தொல்லை இருக்காது, அடுத்த வாரமே தியேட்டர் காலியாக இருக்கிறது என்றார் டாக்டர். அவர் முரட்டு மனிதர் இல்லை. வெளியே வரும்போது எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். ஆனால் நாங்கள் உள்ளே இருந்த நேரம் முழுக்க யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அங்கிருந்து தேக்கா சந்தைக்கு டீ குடிக்கப் போனோம். நான் டீயைத் தொடவில்லை.

"என்னங்க, எங்கிட்ட ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல."

"ஒனக்கு ரத்தம் போகுதுல்ல? எடுத்துட்டா நின்னுடும்ல?"

"நின்னுடும். ஆனா எங்கிட்ட கேக்கல."

அத்தா கரண்டியால் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அவர் சர்க்கரை போடாமல் குடிப்பவர், கலக்க அதில் ஒன்றும் இல்லை. பிறகு, "அன்னிக்கு சரோஜா ஃபோன் பண்ணப்ப நீ மௌத்தாயிட்ட, போயே போயிட்டன்னு நெனச்சேன். அதுலேர்ந்து எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்குது. எடுத்துடுங்கன்னு அதனாலதான் சொன்னேன்" என்றார். அவர் பயத்தில் பேசியிருக்கிறார். நான் அதை அதிகாரம் என்று எடுத்துக்கொண்டேன். எதிரே உட்கார்ந்து கேட்பவளுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், இர்ஃபான். உனக்கு இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

வேறொரு டாக்டரையும் பார்ப்பது என்று முடிவு செய்தோம். வட்டாரப் பாலிகிளினிக்கில் பரிந்துரைச் சீட்டு வாங்கி அரசு மருத்துவமனைக்குப் போனால் சலுகைக் கட்டணம், ஆனால் காத்திருக்க வேண்டும், எந்த டாக்டர் வருவார் என்பது நம் கையில் இல்லை. தனியார் மருத்துவமனையில் டாக்டர், தேதி, அறை எல்லாம் நம் விருப்பம், செலவு பல மடங்கு. இவை இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அரசு மருத்துவமனைக்கே தனியார் நோயாளியாகப் போகலாம். சலுகை கிடையாது, ஆனால் டாக்டரை நாம் தேர்ந்தெடுக்கலாம். அப்படித்தான் போனோம். அங்கே இருந்த டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. அத்தாவிடம் இரண்டு நிமிஷம் வெளியே உட்காரும்படி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். கதவு மூடியதும் என்னைப் பார்த்து, "உனக்கு என்ன வேண்டும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

யோசித்துப் பார்த்தால், எனக்கு ஒரு பெண் பிள்ளை வேண்டும் என்று ரொம்ப நாள் இருந்தது. அந்த வயதில் அது நடக்காது என்றும் தெரிந்திருந்தது. நடக்காது என்று தெரிவது ஒன்று, கதவை மூடுவது வேறொன்று. அதை அவரிடம் சொன்னேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. மேசையில் இருந்த பிளாஸ்டிக் உருவத்தை என் பக்கம் திருப்பி வைத்து விளக்கினார். மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் வளையம், கட்டிகளை மட்டும் வெட்டி எடுப்பது, கட்டிகளுக்கு ரத்தம் போகும் குழாய்களை அடைப்பது, கர்ப்பப்பையையே எடுப்பது. ஒவ்வொன்றும் எனக்கு எவ்வளவு பொருந்தும் என்று சொன்னார். என் கட்டிகளின் அளவுக்கும் எண்ணிக்கைக்கும் கடைசியில் சொன்னதுதான் நிலையான தீர்வு என்றார். ஆனால் சினைப்பைகளை எடுக்கத் தேவையில்லை, அவை நன்றாக இருக்கின்றன, எடுத்தால் மாதவிடாய் முடிவு ஒரே நாளில் வந்து விழும் என்றார். நான் ஒரு அசட்டுக் கேள்வி கேட்டேன். எடுத்த இடத்தில் என்ன இருக்கும்? அவர் சிரிக்கவில்லை. "குடல் கொஞ்சம் நகர்ந்து வந்து அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். உள்ளே காலி இடம் என்று எதுவும் இருக்காது" என்றார். ஏனோ தெரியவில்லை, அந்தப் பதிலுக்குப் பிறகு எனக்குப் பயம் போய்விட்டது. வெளியே வந்து அத்தாவிடம், "எடுத்துக்கிறேன்" என்றேன். முதல் டாக்டர் சொன்ன அதே முடிவுதான், சினைப்பையைத் தவிர. ஆனால் இந்தத் தடவை சொன்னது நான்.

எனக்கு வயிற்றைத் திறந்துதான் செய்தார்கள். எழுந்து உட்கார்வதே பெரிய வேலையாக இருந்தது. இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொள்ள நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். அத்தா கடையை மத்தியானமே மூடிவிட்டு வந்து சோறு வடித்தார், முதல் வாரம் கஞ்சியாகத்தான் வந்தது. நீ ஒரு நாள் சமையலறை வாசலில் நின்று, "அம்மா, கட்டி போயிடுச்சுல்ல, எப்ப மீன் குழம்பு வைப்பீங்க?" என்று கேட்டாய். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் வலித்தது. உடம்பு தேறிய பிறகும் சில மாதம் காரணமே இல்லாமல் அழுகை வந்தது. அடுத்த ரமலானில் முழு மாதமும் ஒரு நாள்கூட விடாமல் நோன்பு வைத்தேன். வயசுக்கு வந்ததிலிருந்து அப்படி வைத்ததே இல்லை. அல்ஹம்துலில்லாஹ், நிம்மதியாக இருந்தது. கூடவே, பெண்கள் கூடியிருக்கும் இடத்திலிருந்து எழுந்து வெளியே வந்துவிட்டதுபோலவும் இருந்தது. இரண்டும் சேர்ந்தே இருந்தன. ஷமீமாவுக்கும் இப்படி ஏதாவது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருந்தால், "அதான் எல்லாம் சரியாயிடுச்சே" என்று மட்டும் சொல்லாதே.

இனி அவளைப் பற்றி. அவளுக்கு இருப்பது என்னுடையது மாதிரிக் கட்டிகள் இல்லை. கர்ப்பப்பையின் உள்பக்கத்துத் திசு சுவருக்குள்ளேயே புகுந்து வளர்ந்திருக்கிறது. கட்டி என்றால் வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை விட்டுவைக்கலாம். இது மாவில் கலந்த உப்பு மாதிரி, பிரிக்க வராது. மாத்திரை கேட்கவில்லை, ஹார்மோன் வளையம் வைத்தும் அது தானாகவே வெளியே வந்துவிட்டது. இதெல்லாம் உனக்குத் தெரியும். மாதா மாதம் அவள் சுருண்டு படுப்பதை நான்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஆங் மோ கியோவில் இரண்டு பிளாக் தள்ளித்தானே இருக்கிறேன். பிள்ளையைப் பாலர் பள்ளியிலிருந்து கூட்டிவருவது நான் என்பதால், வாசற்கதவைத் திறக்கும்போது அவள் முகத்தை வைத்தே எந்த நாள் என்று சொல்லிவிடுவேன்.

அந்தத் தனியார் டாக்டரிடம் முதல் தடவை போனபோது நானும் போயிருந்தேன். நீ ஃபோனில் இருந்தாய், ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்திருந்தோம். டாக்டர் நல்ல மாதிரி, ஷமீமாவைப் பார்த்துத்தான் கேட்டார், இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று. அவள் வாயைத் திறப்பதற்குள் ஃபோனிலிருந்து உன் குரல் வந்தது. "நோ டாக்டர், வீ ஆர் டன்." உடனே லைன் கட்டாகிவிட்டது. நீ திரும்பத் திரும்பக் கூப்பிட்டாய். உள்ளே சிக்னல் இல்லை என்று அவள் சாயங்காலம் உனக்கு மெசேஜ் அனுப்பினாள். சிக்னல் இருந்தது, இர்ஃபான். ஷமீமாதான் லைனைக் கட் பண்ணினாள். இதை உனக்கு எழுதலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டேன். "சொல்லிடுங்க மாமி. நான் சொல்ல ஆரம்பிச்சா அழுதுடறேன். அவர் ஒடனே டிக்கெட் எல்லாம் செக் பண்ண ஆரம்பிச்சிடறார்" என்றாள்.

ஃபோனை வைத்துவிட்டு அவள் டாக்டரிடம் பேசியதை அப்படியே எழுதுகிறேன். "சாரி டாக்டர். ரெண்டு வருஷம் முன்னாடி எனக்கு மூணாவது மாசத்துல கலைஞ்சிடுச்சு. அப்ப அவர் ஃபோன்ல, 'பரவால்ல ஷமீ, நெக்ஸ்ட் டைம்'னார். அந்த நெக்ஸ்ட் டைமத்தான் நான் புடிச்சிட்டிருந்தேன். இந்த உடம்புல அது வராதுன்னு எனக்கே தெரியுது. ஆனா டன்னு அவர் எப்படி சொல்லலாம்?"

டாக்டர் கணினியிலிருந்து கையை எடுத்துவிட்டார். அவசரம் இல்லை, இன்றைக்கே எதுவும் முடிவு செய்ய வேண்டாம் என்றார். கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே இன்னும் சில காலம் ஊசி போட்டுப் பார்க்கலாம், வலி அடங்கும், நிறுத்தினால் திரும்பலாம், கர்ப்பம் தரிப்பது முடியாது என்று சொல்ல மாட்டேன், கடினம் என்று சொல்வேன் என்றார். வேறொரு டாக்டரிடமும் கேட்டுவிட்டு வரச் சொன்னார். அரசு மருத்துவமனையில் கேட்டோம். ஏறக்குறைய அதையே சொன்னார்கள். தனியார் என்றால் ரோபோ வைத்தும் செய்யலாமாமே என்று நீ அனுப்பியிருந்ததையும் அங்கே கேட்டேன். இவளுக்குச் சின்னத் துளைகள் போட்டுச் செய்யும் சாதாரண சாவித்துவார முறையே போதும், பலன் பெரிதாக மாறாது என்றார்கள். நீ தனியாரைத் தேர்ந்தெடுத்ததில் எனக்குக் குறை இல்லை. தேதி கிடைத்தது, அறை கிடைத்தது, ஒரே டாக்டர் கடைசிவரை பார்க்கிறார். இதெல்லாம் நல்ல விஷயங்கள். ஆனால் நீ அங்கிருந்து ஏற்பாடு செய்ததெல்லாம் எங்கே, எப்போது, யார் என்பதைத்தான். செய்வதா வேண்டாமா என்பது இங்கே தனியாக நடந்துகொண்டிருந்தது.

பல நாள் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. போன வாரம் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுத் தனியாக டாக்டரிடம் போகிறேன் என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, என்னையும் வரச் சொன்னாள். பிள்ளையை அத்தா கடைக்குக் கூட்டிப்போனார். உள்ளே போய் உட்கார்ந்ததும் ஷமீமா, "டாக்டர், போன தடவ ஃபோன்ல வந்த பதில நீங்க எழுதி வச்சிருந்தா அழிச்சிடுங்க. திரும்பவும் கேளுங்க" என்றாள். டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். பிறகு முதல் தடவை கேட்ட மாதிரியே, இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று கேட்டார்.

"இருந்துச்சு டாக்டர். இப்ப என் பிள்ளைக்கு எந்திரிச்சு நடமாடுற அம்மா வேணும். எடுத்துடுங்க. ஓவரி இருக்கட்டும்."

டாக்டர் அதைத் தட்டச்சு செய்தார். கருக்குழாய்களையும் கர்ப்பப்பை வாயையும் சேர்த்து எடுப்பார்கள், சினைப்பைகள் இருக்கும், எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். கையெழுத்து அவள் ஒருத்தியுடையதுதான் தேவை, கணவனுடையது வேண்டாம் என்று டாக்டர் சொன்னபோது அவள் தலையை ஆட்டினாள். வெளியே வந்ததும் பசிக்கிறது என்றாள். இருவரும் பிரியாணி சாப்பிட்டோம், என் தட்டில் இருந்த முட்டையையும் எடுத்துக்கொண்டாள். ஆக, "நாங்க டிசைட் பண்ணிட்டோம்" என்று நீ என்னிடம் சொன்னது சரியில்லை. அவள் முடிவு செய்திருக்கிறாள். நீ நினைத்ததும் அதுவே என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

ஆப்பரேஷன் முடிந்ததும் தோள்பட்டையில் வலிக்கிறது என்பாள். வயிற்றுக்குள் ஏற்றிய வாயுதான் காரணம், மெதுவாக நடக்க வைத்தால் குறையும். பிள்ளை தூக்கச் சொல்லி அழுவாள். நீ தூக்கிக் கட்டிலில் ஷமீமா பக்கத்தில் உட்கார வை. ஷமீமாவைக் குனிய விடாதே. கணவன் மனைவி உறவுக்கு டாக்டர் சரி என்று சொல்லும்வரை பொறு. சொன்ன பிறகும் அவள் சரி என்று சொல்லும்வரை பொறு. ஒரு தாய் இதை எழுதலாமா என்று நினைப்பாய். எனக்கு யாரும் சொல்லவில்லை, அத்தாவுக்கும் யாரும் சொல்லவில்லை, நாங்கள் இருவரும் ரொம்ப நாள் ஒருவரை ஒருவர் தப்பாகப் புரிந்துகொண்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்திருந்தோம். அதனால் எழுதுகிறேன்.

நீயும் பயத்தில்தான் பேசியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு எதையாவது சரிசெய்துவிட வேண்டும் என்று துடிக்கிற ஆள் நீ. உன் அத்தாவின் பிள்ளை. ஆனால் அவர் தேக்காவில் அந்த டீயை வைத்துக்கொண்டு வாய் திறந்து சொன்னார். நீ இன்னும் அவளிடம் சொல்லவில்லை. சாங்கி ஏர்போர்ட்டிலிருந்து நேராக வீட்டுக்குப் போ, இங்கே வராதே. பிள்ளையை நாங்கள் அன்று வைத்துக்கொள்கிறோம். போனதும் எத்தனை மணிக்கு அட்மிஷன், எந்த அறை என்று ஆரம்பிக்காதே. அந்த நெக்ஸ்ட் டைமுக்கு அவள் ஒரு பெயர் வைத்திருந்தாள். பிரியாணி சாப்பிடும்போது என்னிடம் சொன்னாள், எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன். நீ கேள்.

துஆவுடன்,
அம்மா